‘கிட்’ கேட்டவருக்கு வேறு ‘கிட்’ வந்தது!

2005-ம் ஆண்டு ஏப்ரல் மாதம், பின்லாந்தில் பிறந்த லினஸ் டோர்வால்ட்ஸ் ஒரு புதிய புரோகிராமை எழுதினார். அதற்கு ‘கிட்’ என்று பெயர் வைத்தார். பல ஊர்களில் இருப்பவர்கள் சேர்ந்து ஒரே புரோகிராமை எழுதும்போது, யார் எந்த வரியை எப்போது மாற்றினார் என்று கணக்கு வைத்துக்கொள்வது அதன் வேலை. இன்று பெங்களூரில் ஒயிட்ஃபீல்டிலும் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் வேலை பார்க்கும் புரோகிராமர்களில் ‘கிட்’ தெரியாதவர் அநேகமாக இல்லை.

ஆனால் அது வந்த புதிதில் ‘டெபியன்’ என்ற கம்ப்யூட்டர் அமைப்பை வைத்திருந்தவர்கள் ‘கிட்’ வேண்டும் என்று கேட்டால், வந்து இறங்கியது வேறு சரக்கு!

அந்த வேறு சரக்கின் முழுப் பெயர் ‘க்னூ இன்டராக்டிவ் டூல்ஸ்’. கம்ப்யூட்டரில் உள்ள ஃபைல்களைப் பார்வையிடவும், ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றவும் உதவும் சாதுவான புரோகிராம். முதலெழுத்துகளைச் சேர்த்தால் அதுவும் ‘கிட்’தான். முந்தி வந்தவர் அவர். ஆகவே ‘கிட்’ என்ற பெயர்ப் பலகை அவர் வீட்டு வாசலில் தொங்கியது. பின்னால் வந்த டோர்வால்ட்ஸின் ‘கிட்’, டெபியனில் ‘கிட்-கோர்’ என்று ஒரு வாலைச் சேர்த்துக்கொண்டுதான் நுழைய முடிந்தது.

உலகமெல்லாம் ‘கிட்’ என்று கூப்பிட, டெபியன்காரர் மட்டும் ‘கிட்-கோர்’ என்று கேட்டு வாங்கவேண்டிய நிலை பல ஆண்டுகள் நீடித்தது. 2010-ல்தான் அது மாறியது. பழைய ஃபைல் புரோகிராம் ‘க்னூயிட்’ என்று பெயரை மாற்றிக்கொண்டு விலகியது. புதியவர் ‘கிட்’ ஆனார்.

பெயர்தானே, இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். தாராவியில் ஒரே வரிசையில் மூன்று முருகேசன்கள் குடியிருந்த காலத்தில், ஊரிலிருந்து வந்த மணியார்டர் வேறு முருகேசன் வீட்டுக்குப் போன கதையைக் கேட்டவர்களுக்கு இந்தச் சந்தேகம் வராது.

பொட்டலமும் பெயரும்

டெபியன் என்பது ஒரு கம்பெனி அல்ல. முதலாளி கிடையாது. வேலை செய்பவர்களுக்கு அது சம்பளம் தருவதும் இல்லை. 1993 ஆகஸ்டு 16-ந்தேதி, அமெரிக்காவில் கல்லூரி மாணவராக இருந்த ஐயன் மர்டாக் என்பவர் இதைத் தொடங்கினார். தன் காதலி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து ‘டெப்-இயன்’ என்று வைத்தார். (காதல் பின்னாளில் கல்யாணமாகி, மணமுறிவில் முடிந்தது. பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது!)

உலகத்தின் பல மூலைகளில் இருக்கும் தொண்டர்கள் இதை நடத்துகிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஓட்டுப் போட்டு ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஏதாவது ஒரு நாட்டில் மாநாடு கூட்டுகிறார்கள். 2023 செப்டம்பரில் அந்த மாநாடு கொச்சியில் நடந்தது. இந்தியாவில் அது கூடியது அதுவே முதல் தடவை. சென்னையில் உள்ள ‘சி-டாக்’ என்ற மத்திய சர்க்கார் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ என்ற இந்தியக் கம்ப்யூட்டர் அமைப்புக்கும் டெபியன்தான் அடித்தளம்.

டெபியனில் எந்தப் புரோகிராமும் ‘பேக்கேஜ்’ என்ற உருவத்தில்தான் வரும். மளிகைக் கடைப் பொட்டலம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். உள்ளே சரக்கு, மேலே பெயர். அதோடு, இந்தச் சரக்கு வேலை செய்ய வேறு என்னென்ன பொட்டலங்கள் வேண்டும் என்ற சீட்டும் ஒட்டியிருக்கும். பயன்படுத்துகிறவர் பெயரைச் சொன்னால் போதும்; கம்ப்யூட்டரே பொட்டலத்தைக் கொண்டுவந்து பிரித்து வைத்துவிடும். 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13-ல் இப்படி ஏறத்தாழ 70,000 பேக்கேஜ்கள்.

கடையில் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தால் கடுகா, கேழ்வரகா என்று தெரிந்துவிடும். இங்கே பிரித்துப் பார்த்தாலும் சாதாரண மனிதருக்கு ஒன்றும் புரியாது. மேலே உள்ள பெயரை நம்பித்தான் வாங்கவேண்டும். எங்கோ ஒரு தொண்டர் ஞாயிற்றுக்கிழமை மாலையில் யோசித்து வைத்த பெயரை, முகம் தெரியாத லட்சக்கணக்கான பேர் எழுத்துப் பிசகாமல் அடிக்க வேண்டியிருக்கிறது.

இனிஷியல் உண்டு, கீழ்க்கோடு கிடையாது

பெயர் வைப்பதற்குச் சில சட்டதிட்டங்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். பெரிய எழுத்து கூடாது. ஆங்கிலச் சிறிய எழுத்துகள் மட்டுமே. எண்கள் வரலாம். கூட்டல் குறி, சிறு கோடு, புள்ளி வரலாம். குறைந்தது இரண்டு எழுத்தாவது இருக்கவேண்டும். எழுத்திலோ எண்ணிலோதான் தொடங்கவேண்டும்.

கீழ்க்கோடு போடக்கூடாது என்றும் இருக்கிறது. இது யாரோ ஒருவருக்குப் பிடிக்காததால் வந்த விதி என்று நினைத்துவிட வேண்டாம். பொட்டலம் ஃபைலாக வரும்போது, அதன் தலைப்பில் முதலில் பெயர், பிறகு எத்தனையாவது பதிப்பு, பிறகு எந்த வகைக் கம்ப்யூட்டருக்கு என்ற விவரம், இந்த மூன்றும் வரிசையாக எழுதப்படும். இவற்றைப் பிரிப்பதற்கே கீழ்க்கோடு பயன்படுகிறது. பெயருக்குள்ளும் கீழ்க்கோடு வந்தால், பெயர் எங்கே முடிந்தது, பதிப்பு எங்கே ஆரம்பித்தது என்று கம்ப்யூட்டர் திண்டாடும்.

பெயருக்கு முன்னால் ஒட்டும் சில சொற்கள் நம்மவர்களின் இனிஷியல் மாதிரி. ‘லிப்’ என்று ஆரம்பித்தால், மற்ற புரோகிராம்கள் இரவல் வாங்கிப் பயன்படுத்தும் பொதுச் சரக்கு என்று அர்த்தம். ‘பைதான்3’ என்று ஆரம்பித்தால் பைதான் மொழிக்காரர்களுக்கு உரியது. கடைசியில் ‘டெவ்’ என்று வால் இருந்தால் அது புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு. ‘டாக்’ என்று இருந்தால் உள்ளே விளக்கப் புத்தகம்தான். ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் வால் ‘டெவ்’ என்று இருப்பதைப் பார்த்தால், ‘இது நமக்கு வேண்டாம்’ என்று தைரியமாக நகர்ந்துவிடலாம்.

பெயரில் எண் வருவதற்கும் காரணம் இருக்கிறது. கம்ப்யூட்டர்கள் ஒன்றுக்கொன்று ரகசியமாகப் பேசிக்கொள்ள உதவும் சரக்கு ஒன்று ‘லிப்எஸ்எஸ்எல்’. அதன் பழைய தலைமுறைக்கு ‘1.1’ என்றும், அடுத்த தலைமுறைக்கு ‘3’ என்றும் பெயரிலேயே எண் போட்டிருக்கிறார்கள். தாத்தா பெயரையே பேரனுக்கு வைத்தால், இருவரும் ஒரே வீட்டில் இருக்கும்போது ‘பெரியவர்’, ‘சின்னவர்’ என்று சொல்லித்தானே ஆகவேண்டும்? பழையதை நம்பியிருக்கும் புரோகிராமும் புதியதைக் கேட்கும் புரோகிராமும் ஒரே கம்ப்யூட்டரில் சண்டையில்லாமல் வாழ்வதற்கு இந்த எண்தான் வழி செய்கிறது.

2024-ல் இதிலும் ஒரு புது வால் முளைத்தது. பழைய வகைக் கம்ப்யூட்டர்களில் நேரத்தை வினாடிக் கணக்கில் வைத்துக்கொள்ளும் இடம் 2038 ஜனவரி 19-ந்தேதியோடு நிரம்பிவிடும். கார்களில் மைல் காட்டும் பழைய மீட்டர் கடைசி எண்ணுக்குப் பிறகு சுழன்று திரும்புவதைப் போல, தேதி தலைகீழாகும். அதைத் தடுப்பதற்கு இடத்தை அகலப்படுத்தினார்கள். அகலப்படுத்திய நூற்றுக்கணக்கான பொதுச் சரக்குகளின் பெயர்களில் ‘டி64’ என்று சேர்த்தார்கள். ‘லிப்எஸ்எஸ்எல்3’ என்பது ‘லிப்எஸ்எஸ்எல்3டி64’ ஆயிற்று. பார்க்க அழகான பெயர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அகலப்படுத்தியது எது, படுத்தாதது எது என்று ஒரு பார்வையில் தெரிகிறது.

ரேடியோக்காரர்களும் ‘நோட்’ தகராறும்

டெபியன் வட்டாரத்தில் இன்றும் பேசப்படும் பெயர்த் தகராறு ‘நோட்’ தகராறுதான்.

ஹாம் ரேடியோ என்ற பொழுதுபோக்கு பலருக்குத் தெரிந்திருக்கும். லைசென்ஸ் வாங்கிக்கொண்டு, வீட்டில் வைத்த ரேடியோவின் மூலம் உலகத்தோடு பேசுகிறவர்கள். வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கவும் முடியாது. 2004 சுனாமியின்போது அந்தமானில் தொலைபேசிகள் ஊமையான நேரத்தில், அங்கே முகாமிட்டிருந்த ஹாம் ரேடியோக்காரர்கள்தான் உயிரோடு இருப்பவர்களைப் பற்றிய செய்திகளை வெளியே அனுப்பினார்கள்.

இந்த ரேடியோ அலைகளின் வழியாகவே கம்ப்யூட்டர்களை இணைக்கும் முறை ஒன்றும் உண்டு. அதற்கான புரோகிராம் ஒன்று டெபியனில் நெடுங்காலமாக ‘நோட்’ என்ற பெயரில் இருந்தது. பயன்படுத்துகிறவர்கள் கொஞ்சம் பேர். சத்தம் போடாதவர்கள்.

2009-ல் ரயான் டால் என்பவர் ‘நோட் ஜேஎஸ்’ என்ற புரோகிராமை வெளியிட்டார். இணையத் தளங்களை இயக்குவதற்குப் பயன்படும் அது காட்டுத் தீ போலப் பரவியது. அதைக் கூப்பிடுவதற்கு அவர் வைத்த பெயரும் ‘நோட்’! உலகத்தின் புத்தகங்களிலும் பாடங்களிலும் ‘நோட் என்று அடியுங்கள்’ என்றே எழுதியிருந்தது. டெபியனில் அப்படி அடித்தால் பலிக்காது. ‘நோட்ஜேஎஸ்’ என்று அடிக்கவேண்டும்.

பெயர் யாருக்கு? முந்தி வந்தவருக்கா, கூட்டம் அதிகம் உள்ளவருக்கா?

டெபியனின் சட்டப் புத்தகத்தில் இதற்கு ஒரு விதி இருக்கிறது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத வேலை செய்யும் இரண்டு புரோகிராம்கள் ஒரே பெயரில் இருக்கக்கூடாது. யார் பெயரை மாற்றிக்கொள்வது என்று இரண்டு தரப்பும் பேசி முடிவுக்கு வரவேண்டும். ஒத்துப்போகாவிட்டால்? இரண்டு பேருமே பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும்! வரப்புத் தகராறில், ‘இரண்டு பேரும் ஒத்துப்போகாவிட்டால் நிலம் கோயிலுக்கு’ என்று பஞ்சாயத்தில் மிரட்டுவது போன்ற விதி. மிரட்டல் பலித்துப் பேச்சு முடிவதே அதன் நோக்கம் என்று தோன்றுகிறது.

இந்த வழக்கில் மிரட்டல் பலிக்கவில்லை. ரேடியோ தரப்பின் வாதத்தைச் சுலபமாகத் தள்ளவும் முடியவில்லை. அவர்களுடைய புரோகிராமை மனிதர்கள் விசைப்பலகையில் அடித்துக் கூப்பிடுவதில்லை. வேறொரு புரோகிராம், தன் குறிப்பேட்டில் எழுதியிருக்கும் பெயரைப் பார்த்துக் கூப்பிடுகிறது. ஒரு நாள் பெயரை மாற்றினால், அந்தக் குறிப்பேடு பழைய பெயரையே கூப்பிட்டுக்கொண்டிருக்கும். நிலையம் வாயடைத்துப் போகும். எதிர்த் தரப்பும் சும்மா இல்லை. ‘நோட்’ என்ற பெயரை நம்பி எழுதப்பட்ட புரோகிராம்கள் ஏற்கனவே ஏராளம். அவை அத்தனையும் டெபியனில் மட்டும் நொண்டி அடிக்கவேண்டுமா என்று கேட்டார்கள்.

கடைசியில் விவகாரம், டெபியனின் சுப்ரீம் கோர்ட்டு என்று சொல்லத்தக்க தொழில்நுட்பக் கமிட்டிக்குப் போயிற்று. 2012-ல் கமிட்டி தீர்ப்புச் சொன்னது. ரேடியோ புரோகிராம் ‘ஏஎக்ஸ்25-நோட்’ என்று பெயர் மாற்றிக்கொள்ளவேண்டும். ஏஎக்ஸ்25 என்பது அந்த ரேடியோ முறையின் பெயர். மற்றவர் ‘நோட்ஜேஎஸ்’ என்றே இருக்கலாம். ‘நோட்’ என்று கூப்பிட்டே தீரவேண்டும் என்பவர்களுக்காகத் தனியாக ஒரு சின்னப் பொட்டலம் வைக்கவேண்டும். அந்தச் சின்னப் பொட்டலத்துக்குள் வேறொன்றும் கிடையாது. ‘நோட் என்று யாராவது கேட்டால் பக்கத்து வீட்டைக் காட்டு’ என்ற ஒரே குறிப்புதான். பிற்பாடு வந்த பதிப்புகளில் அதுவும் தேவைப்படவில்லை. ‘நோட்’ என்றாலே இப்போது புதியவர்தான் வருகிறார்.

தோற்ற தரப்புக்குக் கிடைத்த பெயரைக் கவனித்துப் பார்த்தால், முதலில் இருந்ததைவிட அதுவே மேல். ‘நோட்’ என்றால் ஒரு முடிச்சு, ஒரு சந்திப்பு. எதற்கு வேண்டுமானாலும் பொருந்தும். ‘ஏஎக்ஸ்25-நோட்’ என்றால் ரேடியோக்காரர் எவருக்கும் உடனே விளங்கும். ஆரம்பத்திலேயே அப்படி வைத்திருந்தால் வழக்கே வந்திருக்காது. இதே மாதிரி, ‘குரோமியம்’ என்ற விண்வெளிச் சண்டை விளையாட்டு ஒன்றும், கூகுளின் ‘குரோமியம்’ பிரவுசர் வந்தபிறகு ‘குரோமியம்-பிஎஸ்யு’ என்று ஒதுங்கிக்கொள்ள நேர்ந்தது.

ஆட்சேபணை உண்டா?

இப்படிப்பட்ட தகராறுகளைக் கூடுமானவரை முன்கூட்டியே தடுக்க டெபியனில் ஒரு வழக்கம் உண்டு. சர்க்கார் ஆபீசில் வேலை பார்ப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒருவர் தன் பெயரை மாற்றிக்கொண்டால் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து, கெஜட்டிலும் போடவேண்டும் அல்லவா? அதேபோல, புதிய பேக்கேஜ் கட்ட நினைப்பவர் முதலில் ஓர் அறிவிப்புக் கொடுக்கிறார். பெயர் இன்னது, உள்ளே இருப்பது இன்னது, எழுதியவர் இன்னார், லைசென்ஸ் இன்னது என்று அதில் சொல்லவேண்டும். எல்லாத் தொண்டர்களும் அதைப் பார்க்கிறார்கள்.

உடனே கேள்விகள் வரும். ‘இந்தப் பெயர் ரொம்பப் பொதுவாக இருக்கிறதே?’ ‘இதே பெயரில் வேறொருவர் ஏற்கனவே இருக்கிறாரே?’ ‘முன்னால் பைதான்3 என்று சேர்த்தால் என்ன?’ இத்தனைக்கும் பிறகு, புதிய பொட்டலங்களை ஒவ்வொன்றாகச் சோதித்து உள்ளே விடும் தொண்டர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் ‘சரி’ என்றால்தான் கதவு திறக்கும். சில வேளைகளில் வாரக் கணக்கில், ஏன், மாதக் கணக்கிலும் காத்திருக்கவேண்டும். அவசரக்காரர்களுக்கு இது பிடிப்பதில்லை.

கதவில் ஆள் இல்லாத சந்தை

கதவில் யாரும் நிற்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணங்கள் இருக்கின்றன.

‘என்பிஎம்’ என்று ஒரு பெரிய பேக்கேஜ் சந்தை இருக்கிறது. ‘நோட்ஜேஎஸ்’ புரோகிராமர்கள் சரக்கு எடுப்பது அங்கேதான். யார் வேண்டுமானாலும், காலியாக உள்ள எந்தப் பெயரிலும் கடை போடலாம். முந்துகிறவருக்கே பெயர்.

அங்கே அசர் கோச்சுலு என்ற புரோகிராமர் ‘கிக்’ என்ற பெயரில் ஒரு பேக்கேஜ் வைத்திருந்தார். செல்போனில் செய்தி அனுப்பும் ‘கிக்’ கம்பெனி, அந்தப் பெயர் தன்னுடையது என்று கேட்டது. அவர் மறுத்தார். சந்தையை நடத்துகிறவர்கள் பெயரை எடுத்துக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார்கள். கோபம் கொண்ட அவர், 2016 மார்ச் 22-ந்தேதி தன்னுடைய 273 பேக்கேஜ்களையும் சந்தையிலிருந்து மொத்தமாக எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அவற்றில் ஒன்று ‘லெஃப்ட்-பேட்’. மொத்தமே 11 வரி. எழுத்துகளுக்கு இடது பக்கத்தில் வெற்றிடம் நிரப்பும் வேலை. ஆனால் ஆயிரக்கணக்கான புரோகிராம்கள் நேரடியாகவோ சுற்றி வளைத்தோ அந்த 11 வரியை நம்பியிருந்தன. பல நாடுகளில் புரோகிராமர்களின் வேலை அன்று அப்படியே நின்றது. சந்தைக்காரர்களே தலையிட்டு, சில மணி நேரத்தில் அதைத் திரும்ப வைத்தார்கள். வெளியிட்ட சரக்கை நினைத்தபோது திருப்பி எடுக்க முடியாதபடி விதியையும் மாற்றினார்கள்.

இது மானப் பிரச்னை. அடுத்தது திருட்டு.

அதே சந்தையில் ‘கிராஸ்-என்வ்’ என்று பலரும் பயன்படுத்தும் பேக்கேஜ் உண்டு. நடுவில் சிறு கோடு. 2017-ல், கோடு இல்லாமல் ‘கிராஸ்என்வ்’ என்ற பெயரில் இன்னொரு பேக்கேஜ் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அவசரத்தில் கோட்டை விட்டவர்களின் கம்ப்யூட்டருக்குள் அது புகுந்து, அங்கே சேமித்து வைத்திருக்கும் ரகசியச் சொற்கள் முதலியவற்றை வெளியே அனுப்பியது. அதே ஆசாமி இந்த மாதிரிப் போலிப் பெயர்களில் ஏறத்தாழ நாற்பது பேக்கேஜ்கள் வைத்திருந்ததும் தெரியவந்தது. எல்லாம் அகற்றப்பட்டன. பிரபல சோப்புக் கம்பெனியின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிப் போட்டு, அதே நிற உறையில் ரயிலடியில் விற்பார்களே, அந்த வியாபாரம்தான்.

பைதான் மொழிக்காரர்களின் சந்தையில் இதற்கு ஓரளவு அணை போட்டிருக்கிறார்கள். பெரிய எழுத்தோ சிறிய எழுத்தோ, சிறு கோடோ கீழ்க்கோடோ புள்ளியோ, எப்படி எழுதினாலும் அங்கே ஒரே பெயராகத்தான் எண்ணப்படும். கோட்டை மாற்றிப் போட்டு யாரும் தனிக் கடை திறக்க முடியாது. எழுத்தையே மாற்றிப் போடுகிறவரை அந்த விதி தடுக்காது என்பது வேறு விஷயம்.

2021 பிப்ரவரியில் அலெக்ஸ் பிர்சன் என்ற ஆராய்ச்சியாளர் இன்னும் விநோதமான ஓர் ஓட்டையை வெளிப்படுத்தினார். பெரிய கம்பெனிகள் தங்கள் உள் உபயோகத்துக்கு மட்டும் சில பேக்கேஜ்களுக்குப் பெயர் வைத்திருக்கும். அந்தப் பெயர்கள் எங்கேயாவது கசிந்தால், அதே பெயரில் பொதுச் சந்தையில் யாரும் ஒரு பேக்கேஜ் வைக்கலாம். கம்பெனியின் கம்ப்யூட்டர் வீட்டுச் சரக்கை விட்டுவிட்டுச் சந்தைச் சரக்கை எடுத்துக்கொள்ளும்! ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் உட்பட 35-க்கும் மேற்பட்ட கம்பெனிகளுக்குள் அவரால் இப்படி நுழைய முடிந்தது. அவர் நல்ல மனிதர். நுழைந்ததைச் சொல்லி, ஓட்டையை அடைக்க வைத்தார். கம்பெனிகள் கொடுத்த வெகுமதி மொத்தம் 1,30,000 டாலருக்கு மேல்.

‘இதர’ ஃபைல்

பெயர் மோதுவது ஒரு தொல்லை. பெயரே ஒன்றும் சொல்லாமல் இருப்பது இன்னொரு தொல்லை.

எந்த ஆபீசிலும் ‘இதர’ என்று ஒரு ஃபைல் இருக்கும். எதில் வைப்பது என்று தெரியாத கடிதமெல்லாம் அதில்தான் போகும். இரண்டு வருடத்தில் அந்த ஃபைல்தான் அலமாரியிலேயே பருமனாக இருக்கும். அதிலிருந்து ஒரு கடிதத்தைத் தேடி எடுக்கச் சொன்னால் குமாஸ்தாவுக்கு அரை நாள் போய்விடும்.

புரோகிராம் எழுதுகிறவர்களும் இதையே செய்கிறார்கள். ‘யூட்டில்’, ‘காமன்’, ‘மிஸ்க்’ என்ற பெயர்களில் ஒரு பேக்கேஜைத் திறந்து, எங்கே சேர்ப்பது என்று தெரியாததையெல்லாம் அதில் கொட்டுகிறார்கள். கூகுளில் பிறந்த ‘கோ’ என்ற கம்ப்யூட்டர் மொழியை உருவாக்கியவர்கள், இந்தப் பெயர்கள் வேண்டாம் என்று தங்கள் வழிகாட்டுதலில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பெயர் சொல்லவேண்டும். சொல்ல முடியாவிட்டால், ஒன்றாகக் கட்டக்கூடாத சாமான்களை ஒரே பொட்டலமாகக் கட்டியிருக்கிறோம் என்று புரிந்துகொண்டு பிரிக்கவேண்டும் என்பது அவர்கள் கட்சி. தனி ஆளாக எழுதும்போது இது பெரிய நஷ்டமில்லை. ஐம்பது பேர் சேர்ந்து எழுதும் இடத்தில், புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் முதல் வாரம் முழுவதும் ‘இது எங்கே இருக்கிறது’ என்று பக்கத்து மேஜைக்காரரைக் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டியதுதான்.

தப்பான பெயரை மாற்றிவிடலாமே என்றால், அது சுலபமில்லை. ‘கிட்-கோர்’ என்ற பெயர் போனபிறகும், அந்தப் பெயரில் ஒரு வெற்றுப் பொட்டலத்தைச் சில காலம் வைத்திருக்க வேண்டியிருந்தது. பழைய பெயரைக் கேட்டு வருகிறவருக்குப் புதிய சரக்கைக் கொடுத்தனுப்ப அது ஒரு வாசல்காரன். மெட்ராஸ் போய்ச் சென்னை வந்து வருடங்கள் ஆகியும், 2019-ல் சென்ட்ரல் ஸ்டேஷனுக்கே எம்.ஜி.ஆர். பெயர் சூட்டிய பிறகும், ரயில்வே கம்ப்யூட்டரில் அந்த ஸ்டேஷனின் குறியீடு இன்னும் ‘எம்ஏஎஸ்’தான். அதை மாற்றப் புகுந்தால் எத்தனை இடத்தில் மாற்றவேண்டியிருக்கும் என்று ரயில்வேக்காரர்களுக்குத் தெரியும்.

தமிழுக்கு மூன்று பெயர்

இனி, வெளி மாநிலத்தில் வாழும் தமிழருக்கு நேராகப் பயன்படும் சங்கதி.

பெங்களூரிலோ புனேயிலோ ஓர் ஆபீசில் டெபியன் உள்ள கம்ப்யூட்டர் கிடைக்கிறது. அதில் தமிழில் ஒரு கடிதம் அடிக்கவேண்டும். சங்கத்தின் பொங்கல் விழா அழைப்பிதழாக இருக்கலாம். தமிழ் எழுத்துக்கான பேக்கேஜ் எது?

‘தமிழ்’ என்ற சொல் அந்தப் பெயர்களில் அநேகமாக இருக்காது. எழுத்து வகைகளின் பெயர்கள் முன்பெல்லாம் ‘டிடிஎஃப்’ என்று ஆரம்பித்தன. அது எழுத்து ஃபைலின் உள்ளமைப்பைக் குறிக்கும் தொழில்நுட்பச் சொல். வாங்குகிறவருக்கு அதனால் லாபமில்லை. 2011-ஐ ஒட்டி அதை மாற்றி, எல்லாவற்றுக்கும் ‘ஃபான்ட்ஸ்’ என்று முன்னொட்டு வைத்தார்கள். நல்ல காரியம். அப்படி வந்தவைதான் ‘ஃபான்ட்ஸ்-லோஹித்-டாம்ல்’, ‘ஃபான்ட்ஸ்-டாம்ல்-டிஎஸ்சியு’ ஆகியவை. ‘லோஹித்’ என்றால் வடமொழியில் சிவப்பு. ரெட் ஹேட் என்ற கம்பெனி வெளியிட்டதால் சிவப்பு! இரண்டாவது பேக்கேஜுக்குள் இருக்கும் எழுத்து வகைகளில் ஒன்றின் பெயர் ‘பரணர்’. சங்கப் புலவர் அங்கேயும் போய்ச் சேர்ந்திருக்கிறார்.

‘டாம்ல்’ என்பது அச்சுப் பிழை அல்ல. உலகத்தின் எழுத்து முறைகளுக்கு நான்கு ஆங்கில எழுத்துகளில் குறியீடு வகுத்திருக்கிறார்கள். தமிழ் எழுத்துக்கு டி, ஏ, எம், எல். மொழிகளுக்கு வேறு குறியீடு. அதிலும் இரண்டெழுத்துக் குறியீடு ஒன்று, மூன்றெழுத்துக் குறியீடு ஒன்று. தமிழ் மொழிக்கு முறையே ‘டி-ஏ’, ‘டி-ஏ-எம்’.

எனவே, எழுத்து வகை வேண்டுமானால் ‘டாம்ல்’. லிப்ரே ஆபீசின் மெனுக்களைத் தமிழில் பார்க்கவேண்டுமானால் ‘லிப்ரேஆபீஸ்-எல்10என்-டிஏ’. எழுத்துப் பிழை பார்ப்பதற்கு ‘ஆஸ்பெல்-டிஏ’. அச்சிட்ட தமிழ்ப் பக்கத்தைப் படம் பிடித்து, அதிலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் புரோகிராமுக்கு ‘டெஸராக்ட்-ஓசிஆர்-டாம்’. இந்தக் கடைசிப் பேர்வழிக்கு ஓர் அண்ணன் உண்டு: ‘டெஸராக்ட்-ஓசிஆர்-ஸ்கிரிப்ட்-டாம்ல்’. டாம் என்பது தமிழ் மொழிக்கு, டாம்ல் என்பது தமிழ் எழுத்துக்கு. ஒரே தாய்மொழிக்கு மூன்று வாலா என்று அலுத்துக்கொள்ளலாம். மொழி வேறு, எழுத்து வேறு என்பதால் இரண்டு தேவைப்பட்டது நியாயம்தான். இரண்டெழுத்தும் மூன்றெழுத்தும் கலந்து கிடப்பதற்குக் காரணம், மூலப் புரோகிராமை எழுதியவர்கள் ஆளுக்கொரு வழக்கத்தைப் பிடித்துக்கொண்டதுதான். டெபியன் தொண்டர்கள் அதை அப்படியே விட்டுவிட்டார்கள்.

நல்லவேளையாக, ஒவ்வொரு பேக்கேஜிலும் பெயருக்குப் பக்கத்தில் ஒரு வரி விளக்கம் இருக்கிறது. பெயரில் தமிழ் இல்லாவிட்டாலும் அந்த விளக்கத்தில் ‘தமிழ்’ என்ற சொல் ஆங்கிலத்தில் இருக்கும். ‘ஆப்ட் சர்ச்’ என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, ‘தமிழ்’ என்று ஆங்கில எழுத்தில் அடித்தால், பெயரையும் விளக்கத்தையும் சேர்த்துத் தேடி வரிசையாகக் காட்டும். அந்தப் பட்டியலில் ‘டாஸ்க்-தமிழ்-டெஸ்க்டாப்’ என்று ஒன்று வரும். கம்ப்யூட்டரின் முகப்பைத் தமிழில் அமைத்துக்கொள்ள அதைத்தான் கேட்கவேண்டும். இந்தப் பெயரில் தமிழ் முழுதாக இருக்கிறது, ஆங்கிலத்தில் ஐந்து எழுத்துகளோடு.